பேட்டைச் சாலையில் பலகை இல்லாத ஜீப் பட்டறை

களக்காட்டில் எங்கள் ஜீப் நிற்கும் இடத்தில், உரக் கடையிலிருந்து வந்த அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து வைத்திருந்தேன். தினமும் காலையில் அதில் மூன்று கறைகள் இருக்கும். முன்னால் விழுவது கறுப்பு, இன்ஜின் ஆயில். நடுவில் தேன் நிறம். விரலில் தொட்டு முகர்ந்தால் கந்தக நெடி வரும், அது கியர் ஆயில். பின் அச்சுக்கு நேர் கீழே விழுவது மட்டும் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருக்கும். ஒன்றரை ஆண்டுகள் இப்படியே போயின. அதற்குள் இரண்டு பட்டறைகளில் மூன்று முறை ஆயில் சீல் மாற்றினேன். சுற்றும் தண்டைச் சுற்றி உதடு போல் படிந்து ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம் அது. ஒவ்வொரு முறையும் பத்து நாள் அட்டை சுத்தமாக இருக்கும், பிறகு பழையபடி மூன்று கறைகள். சென்ற ஆனி மாதம் திருநெல்வேலி டவுனிலிருந்து பேட்டைக்குப் போகும் சாலையில் ஒரு பெரியவரிடம் வண்டியை விட்டேன். அதன்பின் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன். அட்டையில் இப்போது ஒரே ஒரு கறை, அதுவும் கடுகளவுதான்.

வண்டி 1994ஆம் ஆண்டு மஹிந்திரா எம்எம் 540. பியூஜோ வடிவமைப்பில் வந்த 2,112 சிசி டீசல் இன்ஜின். 2006இல் ஒரு ஏலத்தில் அப்பா எடுத்தார். 1947இல் மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கிய காலத்து எலும்புக்கூடுதான் இதற்குள்ளும் இருக்கிறது. கியர் பாக்ஸின் முதுகில் விசையை இரண்டு அச்சுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதிலிருந்து முன்னுக்கு ஒரு ஷாஃப்ட், பின்னுக்கு ஒரு ஷாஃப்ட். எங்கள் வாழைத் தோட்டத்துக்குப் போக ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். வாழைக்கன்று, உர மூட்டை, வேலைக்கு வரும் ஐந்தாறு பெண்கள் என்று எப்போதும் பாரத்தோடுதான் ஓடும். அப்பாவுக்குப் பிறகு நான்தான் ஓட்டுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த இரண்டு நாளும் இந்த ஜீப் தண்ணீரில்தான் கிடந்தது, தண்ணீரில்தான் ஓடியது. தொடையளவு வெள்ளத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து வயதானவர்களை ஏற்றி வந்தோம். வெள்ளம் வடிந்த பிறகு ஆயிலையெல்லாம் மாற்றச் சொல்லி ஒரு பட்டறையில் கொடுத்தேன், மாற்றினார்கள். கசிவு தொடங்கியது அதன்பின்தான். அந்தப் பட்டறையின் பெயரை எழுத விரும்பவில்லை. ஆனால் அங்கே நடந்தவற்றில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். கியர் பாக்ஸில் என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டதற்கு "நல்ல ஆயில்தான்" என்ற பதிலோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாம் முறை போனபோது, இன்ஜினின் பின்பக்கச் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும், பதினெட்டாயிரம் ஆகும் என்றார்கள். எந்தச் சீல், எங்கே ஒழுகுகிறது, காட்டுங்கள் என்றேன். டிரைவரையோ வீட்டில் ஆண்கள் யாரையாவதோ அனுப்புங்கள், அவர்களிடம் சொல்கிறோம் என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பேட்டைச் சாலைப் பட்டறையை எனக்குச் சொன்னவர் சேரன்மகாதேவியில் டிராக்டர் வைத்திருக்கும் ஒரு சித்தப்பா. பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம், அதனடியில் எப்போதும் இரண்டு மூன்று பழைய ஜீப்புகள் நிற்கும். நடத்துபவருக்கு அறுபதுக்கு மேல் வயதிருக்கும். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைக்கிறார்கள், நானும் அப்படியே அழைத்தேன். என்னை அவர் அம்மா என்றார்.

முதல் நாள் அவர் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் அந்தப் பட்டறையை நம்பத் தொடங்கியது இதனால்தான். வண்டியின் அடிவயிறு முழுவதையும் டீசலும் பிரஷும் கொண்டு கழுவச் சொன்னார். பையன் ஒருவன் ஒன்றரை மணி நேரம் கழுவினான். பிறகு தண்ணீர் அடித்து, காற்றடித்துக் காய வைத்தார்கள். காய்ந்ததும் அண்ணாச்சி ஒரு டப்பா முகப்பவுடரை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தார். இன்ஜினின் பின்பக்கம், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் அச்சின் மூக்கு என்று ஒவ்வொரு இடத்திலும் தூவினார். "சுத்தமல்லி வரைக்கும் போய்விட்டு வாருங்கள் அம்மா. வேகமாகப் போக வேண்டாம், வேகமாகப் போனால் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிவிடும், எங்கே பிறந்தது என்று தெரியாது" என்றார்.

போய்த் திரும்பியதும் சாக்கு ஒன்றை விரித்து என்னையும் அடியில் பார்க்கச் சொன்னார், விளக்கைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைப் பவுடரில் ஆயில் போன தடம், சுவரில் கறையான் ஏறிய கோடு போலத் தெளிவாக இருந்தது. இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவிலிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடித் துவாரத்தைச் சுற்றி ஈரம் இருந்தது. ஆனால் உள்ளிருந்து வரவில்லை. கோடு மேலேயிருந்து இறங்கி வந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பின் மூலையில் போய் நின்றது. கார்க் பேக்கிங் ஓரத்தில் பிதுங்கி, அந்த மூலையில் கிழிந்திருந்தது. யாரோ கசிவை நிறுத்த நினைத்து நட்டை மேலும் மேலும் முறுக்கியிருக்கிறார்கள். கார்க் அதைத் தாங்காது, அளவாக அமர்ந்தால் போதும். பேக்கிங் விலை நூற்றைம்பது ரூபாய். கியர் பாக்ஸை இறக்கியிருந்தால் பதினெட்டாயிரம் போயிருக்கும், கசிவும் அப்படியே இருந்திருக்கும்.

அடுத்தது பின் அச்சு. இங்கே அவர் சீலைத் தொடவே இல்லை. அச்சுக் குழாயின் மேல் இருக்கும் பிரீதரைத்தான் முதலில் கழற்றினார். அச்சுக்குள் இருக்கும் காற்று போய்வர விட்டிருக்கும், சுண்டுவிரல் நுனி அளவுள்ள சிறு மூடி அது. உள்ளே காய்ந்த வண்டல். ஒரு கம்பியால் குத்தியபோது மண்ணாங்கட்டியாக உதிர்ந்தது, வெள்ளத்து மண். அது அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஓடும்போது உள்ளே ஆயில் சூடாகிறது, காற்று விரிகிறது, வெளியேற வழியில்லை, சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வருகிறது. சுட்ட அச்சோடு ஓடைத் தண்ணீரில் இறங்கினால் அத்தனையும் சட்டென்று குளிர்கிறது, உள்ளே காற்று சுருங்கி இழுக்கிறது, அதே உதட்டின் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. என் அட்டையில் விழுந்த காப்பி நிறம் அதுதான். மூன்று முறை சீல் மாற்றியும் நிற்காததற்குக் காரணமும் அதுதான். பிரீதரைக் கழுவி, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயைப் பிடித்து, சேசிஸ் வழியாக மேலே ஏற்றி, சீட்டுக்குக் கீழே முனை தலைகீழாக வளைந்து நிற்கும்படி கட்டிக் கொடுத்தார். முன் அச்சுக்கும் அப்படியே. இனி ஓடையில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அது சீட்டு உயரத்துக்கு வந்தால்தான் உள்ளே போக முடியும்.

நடுவில் இருந்த கசிவுதான் இரண்டு நாள் பிடித்தது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் ஷாஃப்ட் வெளியே வரும் இடம். இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் டிரம்மும் அங்கேதான் இருக்கிறது, சக்கரத்தில் இல்லை. அங்கே சீல் ஒழுகினால் ஆயில் நேராகப் பிரேக் லைனிங்கில் ஊறும். மேட்டில் ஹேண்ட்பிரேக் பிடிக்காமல் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தேனே, அதற்கு விடை அங்கே கிடைத்தது. டிரம்மைக் கழற்றியபோது லைனிங் எண்ணெயில் போட்ட வடை போல இருந்தது. அதைத் தனியாகப் புதிதாக ஒட்டி வாங்கி வரச் சொன்னார்.

ஷாஃப்டின் முனையில் இருக்கும் ஃபிளாஞ்ச் என்ற இணைப்புத் தட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, "நகத்தால் வருடிப் பாருங்கள்" என்றார். சீலின் உதடு உட்காரும் வழவழப்பான பகுதியில் நகம் ஓர் இடத்தில் தட்டி நின்றது. மோதிர விரலில் வெகுநாள் மோதிரம் போட்ட தடம் போலச் சுற்றிலும் ஒரு பள்ளம், அதற்குள் துருவின் சிறு குழிகள். எத்தனை புதுச் சீல் போட்டாலும் அதன் உதடு இந்தப் பள்ளத்தில்தான் போய் உட்காரும். துருக்குழி ரப்பரை அரம்போல் அறுக்கும். பத்து நாள் கணக்கு அதில்தான் இருந்தது.

இந்த ஃபிளாஞ்ச் புதிதாகக் கிடைக்கவில்லை. டவுனில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, அந்தப் பகுதியைக் கொஞ்சம் கடைந்து எடுத்து, சூடாக்கிய எஃகு வளையம் ஒன்றை இறுக்கமாக மாட்டி, பழைய அளவுக்கே திரும்பக் கடையச் சொன்னார். மாலையில் வந்த வேலையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. அவர் திருப்பி அனுப்பிவிட்டார். லேத்தின் உளி நகர்ந்து போனதில் திருகு மரை போல மிக மெல்லிய கோடு ஒன்று சுற்றிச் சுற்றி ஓடியிருந்தது. ஷாஃப்ட் சுற்றும்போது அந்தக் கோடு ஆயிலை இறைத்து வெளியே தள்ளுமாம், கிணற்றுக்குப் போட்ட பம்பு போல. மறுநாள் மெல்லிய எமரித் தாளால் கோடே இல்லாமல் தேய்த்து வந்தபிறகுதான் ஏற்றுக்கொண்டார். கோபப்படவோ குரலை உயர்த்தவோ இல்லை. "இதைப் பூட்டி அனுப்பினால் நான் அந்தம்மாவைத் திரும்ப வரவழைக்கிறேன் என்று அர்த்தம்" என்று மட்டும் லேத்காரரிடம் சொன்னார்.

பூட்டும்போது கவனித்தவை சில. சீலின் உதட்டில் ஆயில் தடவாமல் பூட்டவில்லை. காய்ந்த ரப்பர் முதல் சுற்றிலேயே கருகிவிடும். ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டாமல், பழைய பேரிங் வளையம் ஒன்றை மேலே வைத்துச் சமமாக இறக்கினார். ஃபிளாஞ்சின் உள்ளிருக்கும் பல்லிடுக்குகளில் அனபாண்ட் என்ற கசிவடைக்கும் பசையைக் கொஞ்சம் தடவினார். சீல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பல்லிடுக்கு வழியே ஆயில் ஊர்ந்து வந்து நட்டின் அடியில் எட்டிப் பார்க்கும், அதைப் பலர் சீல் கசிவு என்றே எண்ணிவிடுகிறார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் இடை ஷாஃப்டின் முனையிலும் ஈரம் இருந்தது, அதற்கும் அங்கேயே வழி செய்தார்.

இனி ஆயில். இந்த விஷயத்தில் எனக்கு இருந்த அறியாமை பலருக்கும் இருக்கிறது என்பது கடைகளில் நின்று பார்த்தால் தெரிகிறது. டின்னின் முகப்பில் பெரிதாக 90 என்று இருக்கும், நாம் "தொண்ணூறு கொடுங்கள்" என்று வாங்கி வந்துவிடுகிறோம். 90 என்பது கனத்தை மட்டுமே சொல்கிறது. பின்பக்கம் சிறிய எழுத்தில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இருப்பதுதான் உள்ளே என்ன மருந்து கலந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. பின் அச்சில் இருக்கும் கிரவுன், பினியன் என்ற இரண்டு பற்சக்கரங்களும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்தும் ஜாதி. அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் நழுவிவிடும். அதற்காக ஜிஎல்-5இல் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து ஜிஎல்-4ஐப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கிறது. கியர் பாக்ஸில் அப்படி அல்ல. அங்கே கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. அந்த மருந்து பித்தளையைப் பற்றிக்கொண்டு அதன் மேல்தோலை உரித்துக்கொண்டே வரும். நான்கைவிட ஐந்து பெரியது, ஆகவே சிறந்தது என்று நினைத்து ஊற்றுகிறவர்கள் தங்கள் கியர் பாக்ஸைத் தாங்களே அரிக்க விடுகிறார்கள்.

என் கியர் பாக்ஸிலிருந்து இறங்கிய ஆயிலை அண்ணாச்சி உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி வெயிலில் காட்டினார். ஜரிகைத் தூள் போலப் பொன் மினுக்கம். ஒரு காந்தத்தை அதில் போட்டு எடுத்தார். எஃகுப் பொடி ஒட்டியது, இந்த மினுக்கம் ஒட்டவில்லை. பித்தளை. முன்பு இதில் ஜிஎல்-5 ஊற்றியிருக்கிறார்கள், கந்தக நெடி அந்த அளவுக்கு வந்ததும் அதனால்தான் என்றார். இரண்டாவது கியருக்கு இறக்கும்போது ஒரு வருடமாக வந்துகொண்டிருந்த கரகரப்பின் காரணத்தை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். நெஞ்சு பதறியது. அப்பா அந்த வண்டியில் கியர் மாற்றினால் பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தம் கேட்காது.

கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஜிஎல்-4 80டபிள்யூ-90 ஊற்றினார். இரண்டுக்கும் நடுவே பேரிங் வழியாக ஆயில் மெல்ல ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய் வரும், ஆகவே இரண்டிலும் ஒரே ஆயில்தான் இருக்க வேண்டும், அளவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அச்சுகள் இரண்டுக்கும் ஜிஎல்-5 80டபிள்யூ-90. நம் ஊர் வெயிலுக்கு 140 போட்டால் என்ன என்று கேட்டேன். எப்போதும் முழுப் பாரத்தில் மலையேறுகிற வண்டியின் பின் அச்சுக்கு அது சரி, உங்கள் ஓட்டத்துக்குத் தேவையில்லை என்றார். கியர் பாக்ஸில் கனமான ஆயிலை ஊற்றிக் கசிவை அடக்கப் பார்ப்பதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கசிகிற ஓட்டை கனத்த ஆயிலையும் விடத்தான் செய்யும், கொஞ்சம் தாமதமாக. அதற்குள் காலைக் குளிரில் ஆயில் பேரிங்கின் மூலைகளுக்குப் போய்ச் சேராது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். கியர் ஆயிலின் 90 இன்ஜின் ஆயிலின் 40, 50க்கு ஏறக்குறைய சமமான கனம்தான், அளவுகோல்கள்தான் வேறு. 90 என்றதும் இன்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நான் நினைத்திருந்தேன்.

ஆயிலை இறக்குவதற்கு முன்னால் ஊற்றும் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்பதை இங்கேதான் கற்றேன். கீழே இருப்பதைக் கழற்றி எல்லாம் வடிந்த பிறகு, மேலே இருப்பது துருவேறித் திருகாமல் நின்றால் வண்டி அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. பின் அச்சில் எனக்கு அப்படித்தான் நின்றது. சூடு காட்டி, டீசல் விட்டு, முக்கால் மணி நேரம் போராடி எடுத்தார்கள். ஆயில் துவாரத்தின் கீழ் உதட்டைத் தொட்டு வழியத் தொடங்கினால் போதும், மேலும் ஊற்றினால் அதுவே ஒரு கசிவுக்குக் காரணமாகிவிடும்.

இறக்கிய ஆயிலைப் பழைய பீப்பாயில் மூடி வைத்து, வாங்குகிறவர் வரும்போது கொடுக்கிறார். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் இந்தப் பக்கமாகத்தான் வயலுக்குப் போகிறது. தண்ணீரை நம்பிப் பிழைக்கிறவளாக எனக்கு அது பெரிய விஷயம். வேறு பட்டறைகளில் சாக்கடையில் ஊற்றுவதைப் பார்த்து மனம் வெதும்பியிருக்கிறேன்.

செலவு: கூலி 4,500 ரூபாய், லேத் வேலை 1,800, சீல்கள் 1,250, ஆயில் ஏழு லிட்டருக்கு 3,000, பேக்கிங், குழாய், அனபாண்ட், லைனிங் எல்லாம் சேர்த்து 650. மொத்தம் 11,200. சீல்களை நானே கடையில் வாங்கி வந்தேன். பழைய சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றும் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும், அந்த எண்ணை எழுதிக்கொண்டு போனால் கடைக்காரரும் தடுமாற மாட்டார். பழைய உதிரிகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார்.

குறைகளும் உண்டு. மூன்று நாளில் முடியும் என்றது ஐந்து நாளாயிற்று. களக்காட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன், ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால் ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அவர் போனை எடுப்பதே அரிது. ரசீது கிடையாது, நோட்டுத் தாளில் கணக்கு எழுதித் தருவார். உட்கார ஒரு ஸ்டூல்தான், பெண்கள் காத்திருக்க வசதி எதுவும் இல்லை. புது வண்டி கொண்டுவருகிறவர்களை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுகிறார்.

இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பின் பேக்கிங்கில் இருக்கும் அந்தக் கடுகளவுக் கசிவை அவரே காட்டினார். அதற்கு இப்போது இன்ஜினைத் தூக்க வேண்டாம், வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், கறை ஐம்பது காசு அளவுக்கு வளர்ந்தால் வாருங்கள் என்றார். பித்தளை வளையங்கள் தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆனால் புது ஆயிலில் இரண்டாவது கியரின் கரகரப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. மேட்டில் ஹேண்ட்பிரேக் பிடிக்கிறது, கல்லைத் தோட்டத்திலேயே போட்டுவிட்டேன்.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்கு முன் போங்கள். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குப் போனால் மூன்றரைக்குத்தான் திரும்புவார். வண்டியைக் கழுவிக்கொண்டு போக வேண்டாம், அழுக்கோடேயே கொண்டுவரச் சொல்கிறார். அந்த அழுக்கில் எங்கே ஈரம் இருக்கிறது என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.